வக்கீலம்மாவின் இடது புருவம்

வக்கீல் ஃபீஸை யார் கொடுப்பது என்று அந்த வீட்டில் முதலில் கேட்டவர் அப்பா. அம்மாவின் வலது கை அப்போது கட்டுக்குள் இருந்தது. கையைப் பற்றிக் கேட்க வேண்டியதை எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கேட்டு முடித்துவிட்டதால் அவரிடம் வேறு கேள்வி மிச்சமில்லை.

"ஜெயிச்சா கால் பங்கு அவங்களுக்கு. தோத்தா ஒண்ணும் வேண்டாமாம்" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்தவர் அவர்தான் என்பதால், வக்கீலம்மாவின் சார்பில் எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார்.

"தோத்தா யாரு குடுப்பா?"

"யாரும் குடுக்க வேண்டாம் மச்சான்."

"யாரும் குடுக்கலைன்னா அவங்க வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?"

"அது அவங்க பாடு."

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வந்து பார்த்ததற்கு பில் போடுகிற தொழில். தோற்றால் காசு வேண்டாம் என்று சொல்கிற ஒரு தொழில் உலகத்தில் இருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. மகளைப் பார்த்தார். "நீ சொல்லு. டிகிரி படிச்சிருக்க இல்ல?"

அவள் படித்தது விலங்கியல். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அதனால் ஸ்கேன் ரிப்போர்ட், வரி ரசீது, துணி துவைக்கும் மெஷினோடு வந்த புத்தகம் எல்லாம் சுற்றி வளைத்து அவளிடம்தான் வந்துசேரும். தவளையின் இதயத்துக்கு மூன்று அறைகள் என்பதைத் தவிர தனக்கு உறுதியாக எதுவும் தெரியாது என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இருக்கும்பா" என்றாள்.

அம்மா ஒரு அழகு நிலையம் வைத்திருந்தாள். பலகையில் தலைமுதல் கால்வரை எல்லா வேலையும் எழுதியிருக்கும். அம்மா செய்வது ஒன்றே ஒன்று, புருவம். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளுக்கும் நடுவே அதை முறுக்கி, வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரிப்பாள். முறுக்கு முன்னால் ஓடி முடியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை நூலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாயில் நூல் இருப்பதால் வேலை நேரத்தில் அம்மா பேச முடியாது. சாய்நாற்காலியில் படுத்திருப்பவர்கள் பேசுவார்கள். அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மா வீட்டில் நடப்பது ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கு அடக்கமான பெண் என்று நல்ல பெயர் இருந்தது. எல்லாம் அந்த நூலால் வந்த பெயர்.

ஆட்களை அம்மா புருவத்தால்தான் நினைவு வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். அவர்கள் போன பிறகு "யாரும்மா அது?" என்று கேட்டால், "தெரியலடி. வலது பக்கம் சுழி இருக்கே, அந்தப் புருவம்" என்பாள்.

ஒரு காலையில் அம்மா ஸ்கூட்டரில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஓரமாக நின்றிருந்த காரின் கதவு திறந்தது. திறந்தவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை முடித்துவிட்டுத்தான் இறங்கி வந்தார். கட்டைவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்தார்கள். கட்டைப் பிரித்த பிறகு விரல் கொஞ்ச நேரம் விரிந்து மடங்கியது. பிறகு பூட்டிக்கொண்டது. அன்றைக்கு முழுவதும் திறக்கவில்லை.

"பழைய லிஃப்ட் கதவு மாதிரி. ரெண்டு தடவை திறக்கும், மூணாவது தடவை சிக்கிக்கும்" என்றார் அப்பா. அவருக்கு விளங்குகிற மொழியில் அதுதான் சரியான மருத்துவ அறிக்கை.

இன்னொரு ஆபரேஷன் செய்தால் சரியாகும், வருஷம் திரும்புவதற்குள் செய்ய வேண்டும், அதற்கு மேல் போனால் செய்தும் பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். செலவையும் சொன்னார். அப்பா காது கேட்காதவர்போல இன்னொரு தடவை கேட்டார். டாக்டர் அதே தொகையைச் சொன்னார். கார்க்காரரின் இன்சூரன்ஸிடம் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்பது அந்த இரண்டாவது தடவையில் எல்லோருக்கும் புரிந்தது.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. அப்பா, அம்மா, மாமா, மகள் நான்கு பேரும் போனார்கள். நாற்காலி மூன்றுதான். வக்கீலம்மா நடுத்தர வயது, உரத்த குரல். விஷயங்களை ஒளிவுமறைவில்லாமல் விரல்விட்டுச் சொன்னார்.

"மூணு நிபந்தனைங்க. ஜெயிச்சா வர்றதுல கால் பங்கு எனக்கு. தோத்தா எனக்கு ஒண்ணும் வேண்டாம். மூணாவதை நல்லாக் கேட்டுக்குங்க. என்கிட்ட எதையாவது மறைச்சோ, பாதியில விட்டுட்டுப் போயோ, நீங்களே கேஸைக் கெடுத்தீங்கன்னா, அதுவரைக்கும் நான் பார்த்த வேலைக்கெல்லாம் பில் வரும். அதை நீங்கதான் கட்டணும்."

"மூணாவது நம்ம பக்கமே வராதுங்க" என்றார் மாமா.

"சரி. கை எப்படி இருக்கு? வேலை செய்ய முடியுதா?"

அம்மா வாயைத் திறந்தாள். "ஒருத்தருக்கு வேணா..."

"சுத்தமா முடியாதுங்க" என்றார் மாமா. "டம்ளர் பிடிக்க வராது. பாவம்."

வக்கீலம்மா 'முற்றிலும் இயலாது' என்று எழுதிக்கொண்டார். வாயில் நூல் இல்லாதபோதும் அம்மாவுக்குப் பேச வராது என்பது மகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கேஸ் முடியற வரைக்கும் நூலைத் தொடாதீங்க."

படியில் இறங்கும்போது, தான் குறுக்கிட்டுச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று மகளுக்குத் தோன்றியது. எதுவுமே அவளுக்குப் படியில் இறங்கும்போதுதான் தோன்றும். வேலைக்கான நேர்காணல்களிலும் அப்படித்தான். திரும்பி ஏறிப் போய்ச் சொல்லலாம். ஆனால் திரும்பி ஏறிப் போய்ச் சொல்கிற ஆள் அவளில்லை. அவள் இந்த யோசனையில் இருக்க, அம்மாவும் ஏதோ யோசனையில் இருந்தாள்.

"அந்தம்மா புருவத்தை இதுவரைக்கும் யாரும் தொட்டதே இல்ல போல" என்றாள் அம்மா. "என்ன அடர்த்தி! வீணாக் கெடக்கு."

கடையை மூட முடியாது என்பதால் சம்பளத்துக்கு ஒருத்தியை வைத்தார்கள். மகள் கல்லாவில் உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சோபாவில் உட்கார்ந்து, புதிதாக வந்தவளின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். குறை எதுவும் சொல்ல மாட்டாள். மூச்சுதான் விடுவாள். அந்த மூச்சுக்கு பயந்தே புதியவள் இரண்டு தடவை வேலையை விட்டு நின்று, மகள் போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

ஒருநாள் மதியம் ஒரு பெண் வந்தாள். அலுவலகம் போகிற தோற்றம், தோளில் பெரிய பை. புதியவள் வலது புருவத்தைச் செய்து முடித்தாள். அது மேலே போய்விட்டது. அதற்கு ஈடாக இடது புருவத்தை ஏற்றினாள். அது வலதையும் தாண்டிப் போனது. வந்த பெண் கண்ணாடியில், யாரோ சொன்னதை நம்பாதவள்போல் தெரிந்தாள்.

சோபாவிலிருந்து மூச்சு வந்தது. பிறகு அம்மாவே வந்தாள்.

"நகருடி. நூலை இப்படிக் குடு."

"அம்மா, வேண்டாம். வக்கீல் சொன்னாங்கல்ல?" என்றாள் மகள்.

"இந்த மூஞ்சியோட தெருவுல போனா எந்தக் கடைன்னு கேப்பாங்களா, எந்த வக்கீல்னு கேப்பாங்களா?"

இடது கையால் வலது கட்டைவிரலை நீவிவிட்டு, நூலைக் கடித்தாள். கொஞ்ச நேரம்தான். இரண்டு புருவமும் ஒரே பேச்சுக்கு வந்தன. வந்த பெண் கண்ணாடியில் தன்னையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை வலிக்கலையாக்கா?" என்று கேட்டாள். "வலிச்சா என்ன?" என்றாள் அம்மா. அந்தப் பெண் பணத்தைக் கொடுத்து, மேலே கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை விரல் பூட்டிக்கொண்டு, சாவிக்கொத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. புதியவள்தான் ஷட்டரை இறக்கினாள்.

அடுத்த வாரம் சமரசப் பேச்சு. நீதிமன்றத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் நீள மேஜை போட்ட அறை. மேஜையின் தலைப்பக்கத்தில் பேசித் தீர்த்துவைக்கும் நடுவர். ஒரு பக்கம் வக்கீலம்மா, அப்பா, அம்மா, மகள். மாமாவுக்கு அன்றைக்கு என்று பார்த்து வேறு வேலை வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் இன்சூரன்ஸ் அதிகாரி, அவர் பக்கத்தில் பெரிய பையோடு ஒரு பெண்.

அம்மா மகளின் காதருகே வந்தாள்.

"அது என் புருவம்டி."

இன்சூரன்ஸ் அதிகாரி இரண்டு போட்டோக்களை மேஜையில் எடுத்து வைத்தார். ஒன்று அந்தப் பெண் கடைக்குள் போவதற்கு முன். மற்றது வெளியே வந்த பின்.

"இதைச் செஞ்சது யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"நான்தான்" என்றாள் அம்மா. குரலில் துளி வருத்தம் இல்லை.

வக்கீலம்மாவின் பேனா நின்றது.

"முற்றிலும் இயலாதுன்னு மனுவுல இருக்கு" என்றார் அதிகாரி. "இதைவிட நல்லா ஒருத்தரால செய்ய முடியுமா?"

"அது சரியா வரலீங்க" என்றாள் அம்மா. "இடது பக்கம் வால் பகுதியைப் பாருங்க. ரெண்டு முடி அதிகமாப் போயிடுச்சு. விரல் நிக்கல."

எல்லோரும் இடது பக்கத்தைப் பார்த்தார்கள். நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அந்தப் பெண், புருவத்தைத் தொட்டுக்கொண்டு. "எங்க வீட்டுக்காரர்கூடச் சொன்னார்."

"அவருக்கு என்ன தெரியும்?"

வக்கீலம்மா எழுந்து, "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி, மூவரையும் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் குரல் தாழ்ந்திருந்தது. உரத்த குரலைவிட அதுதான் பயமாக இருந்தது.

"மூணாவது நிபந்தனை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார் அப்பா.

"இப்ப அதுலதான் நிக்கறோம். அவங்க ஒத்தக் காசு தர மாட்டாங்க. என் பில் உங்களுக்கு வரும்."

அப்பா மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. விற்கிற மாதிரி அந்த வீட்டில் இருந்தது கடை ஒன்றுதான். கடை போனால் விரல் சரியாகி என்ன, சரியாகாமல் என்ன? அம்மா வக்கீலம்மாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தத் தடவை படியில் இறங்கும்வரை காத்திருக்க முடியாது என்று மகளுக்குத் தெரிந்தது.

"மேடம், ஒருத்தருக்குச் செய்ய முடியும். பாதி நாள் அந்த ஒருத்தருக்குக்கூட முழுசா முடியாது. அதுக்கு மேல விரல் பூட்டிக்கும். முன்னாடி வரிசையா உக்காத்தி வச்சு செய்வாங்க. அன்னிக்கே அம்மா சொல்ல வந்தாங்க. மாமா குறுக்க பேசிட்டாரு. எனக்கும் தெரியும். நானும் சொல்லல."

"படிச்ச பொண்ணு தானே நீ?"

"விலங்கியல் மேடம்."

வக்கீலம்மா உள்ளே போய், 'முற்றிலும் இயலாது' என்று எழுதியது தவறு என்றும், 'தொடர்ந்து இயலாது' என்பதே சரி என்றும் நடுவரிடம் சொன்னார்.

"போட்டோ வந்ததும் திருத்தம் வருது" என்றார் அதிகாரி. "தொடர்ந்து செய்ய முடியாதுன்னு நாங்க எப்படி நம்பறது?"

"இங்கேயே பார்த்துக்கலாமே" என்றாள் மகள். சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்கே தெரிந்தது.

நடுவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தன் புருவங்களை ஒருமுறை தடவிக்கொண்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

"நான் உக்கார்றேன்" என்றார் வக்கீலம்மா. "போகப்போறது என் ஃபீஸ்தானே?"

"அவங்க வேணும்னே கெடுத்துட்டா?" என்றார் அதிகாரி.

"எது, நானா? என் கையால நானே கெடுக்கறதா?" அம்மா அதிகாரியை முறைத்தாள். கார்க் கதவைத் திறந்தவர்மேல்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

கைப்பையிலிருந்து நூல்கண்டு வந்தது. தொடாதே என்று சொன்ன பிறகும் அது அங்கேயே இருந்திருக்கிறது. பவுடர் இல்லை. எதிர்ப்பக்கத்துப் பெண் தன் பையைத் திறந்து, அதிகாரியைப் பார்க்காமல், ஒரு பவுடர் டப்பாவைத் தள்ளிவிட்டாள்.

வக்கீலம்மா தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். "மேல ஒரு விரல், கீழ ஒரு விரல் வச்சு இழுத்துப் பிடிங்க" என்றாள் அம்மா. நூலைக் கடித்தாள். அம்மாவின் முகத்தை மகள் பார்த்தாள். இத்தனை மாதமாக அந்தப் புருவத்துக்காகக் காத்திருந்த முகம். மகளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அம்மா கெடுத்துவிடுவாள் என்று அதிகாரி பயப்படுகிறார். அம்மா நன்றாகச் செய்துவிடுவாளோ என்று மகளுக்குப் பயம். கொஞ்சம் கெடுத்துவிடேன்மா, யாருக்குத் தெரியப்போகிறது என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். அப்படிக் கெஞ்சுவது தன் படிப்பா, தன் குணமா என்று யோசிக்க அங்கே நேரமில்லை.

வலது புருவம் முடிந்தது. புதருக்குள்ளிருந்து வளைவு ஒன்று வெளியே வந்தது. வக்கீலம்மாவின் முகத்தில் பாதி, வேறொரு ஆளாகிவிட்டது. நடுவர் எழுந்து நின்று பார்த்தார். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இனி எழுத வேண்டியது எதுவும் இல்லை என்பதுபோல.

இடது புருவம். கீழ்ப்பக்கம் சரியாக வந்தது. மேல்பக்கம் பாதி வரைக்கும் வந்தது. அப்புறம் விரல் நின்றது. அம்மா இடது கையால் அதைப் பிரித்துவிட்டு மறுபடி முறுக்கினாள். நின்றது. மறுபடி பிரித்தாள். பல்லில் நூல் இறுகி, கழுத்து நரம்பு புடைத்தது. கெடுக்க நினைப்பவள் இப்படிப் பல்லைக் கடிக்க மாட்டாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. கட்டைவிரல் ஒருமுறை துடித்தது. முறுக்கு போகக் கூடாத இடத்துக்குப் போய், எடுக்கக் கூடாததை எடுத்துக்கொண்டு திரும்பியது.

புருவத்தின் நடுவில், வெற்றாக, ஒரு விரல் நுழைகிற அளவு இடைவெளி.

அம்மா வாயிலிருந்து நூலை எடுத்தாள். முதல் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனபோது அழாதவள் அழுதாள். "நல்ல புருவங்க" என்றாள். "இப்படிப் பண்ணிட்டேனே."

அம்மா அழுதுகொண்டிருக்க, மகளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை என்ன செய்வது என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்துப் பெண் கைக்கண்ணாடியை நீட்டினாள். நீட்டிய பிறகு, நீட்டியிருக்கக் கூடாதோ என்று பின்னால் இழுத்தாள். வக்கீலம்மா அதை வாங்கி, நிதானமாகப் பார்த்து, மூடித் திருப்பிக் கொடுத்தார். அதிகாரியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பேசலாமா?" என்றார்.

அந்த முகத்தோடு வாதாட அதிகாரிக்கு வரவில்லை. எங்கே பார்த்துப் பேசுவது என்பதே அவருக்குத் தெரியவில்லை. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. ஆபரேஷனுக்குப் போதும். 'முற்றிலும்' என்ற ஒரு வார்த்தைக்குப் போனது மீதி என்று வக்கீலம்மா கணக்குச் சொன்னார். அதை மாமாவிடம் சொல்லும் பொறுப்பை அப்பா சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது நிபந்தனையை வக்கீலம்மா எடுக்கவில்லை. கால் பங்கை எடுத்துக்கொண்டார், சரியாக, ஒரு பைசா குறைக்காமல். கீழ்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்த செலவு தனி.

"அப்போ வக்கீலுக்குக் குடுத்தது யாரு?" என்றார் அப்பா வீட்டுக்கு வரும் வழியில். "நாமளா, இன்சூரன்ஸா, கதவைத் திறந்தவனா?"

"நாமதான்பா. நம்ம பணத்துலதான் எடுத்தாங்க."

"அது இன்சூரன்ஸ் குடுத்த பணம் தானே?"

"ஆமாப்பா."

"அவனுக்கு அந்தப் பணம் கார்க்காரன் கட்டினது தானே?"

"ஆமா."

"நாமளும்தானே ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் கட்டறோம்?"

தெரியாது என்று சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்து, "தெரியலப்பா" என்றாள். அப்பா கோபப்படவில்லை. "எனக்கும்தான்" என்றார். இதை முன்பே சொல்லியிருக்கலாம் போலிருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வாரம் காலையில், கடை திறந்த கையோடு வக்கீலம்மா வந்து நின்றார். கறுப்புக் கோட்டும் கையில் கேஸ் கட்டும் இருந்தன. நீதிபதி தன் வாதத்தைக் கேட்காமல் புருவத்தையே பார்க்கிறார் என்றார்.

அம்மா அவரை உட்காரவைத்து, பென்சிலை இடது கையில் எடுத்தாள். இடைவெளியில் ஒவ்வொரு முடியாக வரைந்தாள். முடிக்க வெகுநேரம் ஆனது. வாயில் நூல் இல்லாததால் இந்தத் தடவை அவளும் பேசினாள். வக்கீலம்மா இரண்டு தடவை சிரித்து, இரண்டு தடவையும் 'ஆடாதீங்க' என்று திட்டு வாங்கினார். கண்ணாடியைக் காட்டியபோது முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கைப்பையைத் திறந்தார்.

"இதுக்கு எவ்வளவு?"

மகள் கல்லாவிலிருந்து நிமிர்ந்தாள். அம்மா பென்சிலுக்கு மூடி போட்டாள்.

"இன்னிக்குக் கேஸ் ஜெயிச்சா குடுங்க. தோத்தா ஒண்ணும் வேண்டாம். நீங்களா கையை வச்சு அழிச்சீங்கன்னா மட்டும் முழுசாக் கட்டணும்."